டாபாவ் பை சாலையாகுமா? கட்டுமானத்தில் பிளாஸ்டிக் கழிவு: தெரிந்துகொள்ள வேண்டியவை

மதிய நேரம். உணவங்காடி நிலையத்தில் உட்கார இடமில்லை.

"அண்ணே, ஒரு மீ கோரெங், டாபாவ்!"

ஐந்தே நிமிடத்தில் கையில் ஒரு சிவப்புப் பை. உள்ளே ஒரு பெட்டி, ஒரு கரண்டி, சாஸுக்கு ஒரு குட்டிப் பொட்டலம். சாப்பிட்டு முடிக்க 15 நிமிடம். பிறகு எல்லாம் குப்பைத் தொட்டிக்குள். உங்களைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

அந்தப் பைக்கு? இனிமேல்தான் ஆரம்பம்.

பிளாஸ்டிக் கழிவிலிருந்து சாலை போடலாம், செங்கல் செய்யலாம், நடைபாதைக் கல் செய்யலாம் என்று எத்தனையோ காணொளிகள் சமூக ஊடகங்களில் வலம்வருகின்றன. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால், அது நிஜமா? நிஜம் என்றால், எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் வீசும் பை எங்கே போகிறது?

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 957,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது சுமார் 48,000 டன். வெறும் 5 விழுக்காடு.

மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 160 கிலோவுக்கும் அதிகம். வீட்டுக் குப்பை மட்டுமல்ல, கடைகள், தொழிற்சாலைகள் வீசியதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

மறுபயனீட்டுக்குப் போகாத பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி எரியாலைக்குப் போகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கிறார்கள். எரித்த பிறகு குப்பையின் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துவிடும். எஞ்சும் சாம்பல் கடல்வழியாகச் செமாக்காவ் தீவுக்குப் போகும்.

1999ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய செமாக்காவ்தான் நம்மிடம் உள்ள ஒரே குப்பை நிரப்புமிடம். இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம் அது. நிரம்பிய பிறகு இன்னொரு செமாக்காவுக்கு எங்கே போவது? நம் தீவு சின்னது.

"சரி, எரிச்சா முடிஞ்சிடுமே. அப்புறம் என்ன பிரச்சினை?"

நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் எரிந்தால் மிஞ்சும் சாம்பலும் குறைவுதான். சிக்கல் சாம்பலில் இல்லை, புகைபோக்கியில்.

பிளாஸ்டிக் பெரும்பாலும் கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதிலுள்ள கரிமம் எரியும்போது உயிர்வாயுவோடு சேர்ந்து கரியமிலவாயு ஆகிறது. 1 கிலோ பாலித்தீன் பை முழுமையாக எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமிலவாயு வெளியாகும்.

"ஒரு கிலோ எரிந்து எப்படி மூன்று கிலோ ஆகும்?" என்று கேட்கத் தோன்றும். மிச்ச எடை காற்றிலிருந்து வந்து சேரும் உயிர்வாயுவின் எடை. வேதியியல் வகுப்பில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

அதே 1 கிலோ பையைச் சாலைக்குள்ளோ கல்லுக்குள்ளோ வைத்துவிட்டால், அந்தக் கரிமம் அங்கேயே தங்கிவிடும். கட்டுமானத் துறை பிளாஸ்டிக் கழிவின் பக்கம் திரும்பிப் பார்க்க இது ஒரு காரணம்.

ஏன் எல்லாவற்றையும் மறுபயனீடு செய்ய முடியவில்லை?

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு பெரிய குடும்பம். புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும்.

• 1: தண்ணீர்ப் புட்டிகள். மறுபயனீட்டுச் சந்தையில் இவற்றுக்கு நல்ல கிராக்கி.
• 2: ஷாம்பூ, சலவைத் திரவப் புட்டிகள். இவற்றுக்கும் மதிப்பு உண்டு.
• 3: பிவிசி. குழாய்கள், மின்கம்பி உறைகள். தொல்லை பிடித்த வகை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.
• 4: மெல்லிய பைகள், உறைகள்.
• 5: உணவுப் பெட்டிகள், மூடிகள்.
• 6: பாலிஸ்டைரின். வெள்ளை நுரைப் பெட்டி இந்த வகை.
• 7: மற்றவை எல்லாம்.

ஒரே வகையை, சுத்தமாக, நிறையச் சேர்த்துக் கொடுத்தால் உருக்கி மீண்டும் பொருளாக்கலாம். ஆனால் சாஸ் ஒட்டிய பை? மூன்று நான்கு அடுக்குகளை ஒட்டிச் செய்த முறுக்குப் பாக்கெட்? அவற்றைப் பிரிக்கவும் கழுவவும் ஆகும் செலவு, கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையைத் தாண்டிவிடும். அதனால் யாரும் சீண்டுவதில்லை.

யாரும் சீண்டாத அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு வேலை கொடுக்க முடியுமா என்று யோசித்தவர்களில் ஒருவர் மதுரைக்காரர்.

மதுரைக் கல்லூரி ஒன்றில் தொடங்கிய சாலை

பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். பிளாஸ்டிக்கும் எண்ணெய் வழி வந்தது, சாலைக்குப் போடும் தாரும் எண்ணெய் வழி வந்தது. இரண்டும் உறவுக்காரர்கள் என்றால் ஒட்டிக்கொள்ளுமே! அதுதான் அவருடைய யோசனையின் அடிப்படை.

2002ஆம் ஆண்டு கல்லூரி வளாகத்திலேயே ஒரு சின்னச் சாலை போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டு சென்னையின் ஜம்புலிங்கம் தெருவிலும் பிளாஸ்டிக் கலந்த சாலை போடப்பட்டது. 2006இல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 'பிளாஸ்டிக் மனிதர்' என்ற பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

எப்படிப் போடுகிறார்கள்?

1. கழிவிலிருந்து மெல்லிய பைகள், உறைகள், பொட்டலங்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுப்பார்கள். பிவிசி ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது.
2. தூசி, ஈரம் போகச் சுத்தப்படுத்தி, சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்டுவார்கள்.
3. சாலைக்கான கருங்கல் சல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள்.
4. சூடான கல்லின்மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால், உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோல்போலச் சுற்றிக்கொள்ளும். வடைக்கு மாவு பூசுவதுபோல இல்லை, ஜிலேபிக்குப் பாகு ஏறுவதுபோல.
5. அதன்பின் சூடான தாரைச் சேர்த்துக் கலந்து, வழக்கம்போல் சாலையில் கொட்டிப் பரப்பி, உருளை ஓட்டுவார்கள்.

இதற்கென்று தனி இயந்திரம் பெரிதாகத் தேவையில்லை. தார்க்கலவை ஆலையில் ஒரு படி கூடுகிறது, அவ்வளவுதான். ஏழை ஊர்களிலும் இந்த முறை எடுபட அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு பிளாஸ்டிக் சேர்ப்பார்கள் தெரியுமா? தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடுதான். இந்திய சாலைக் காங்கிரஸ் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு அது. "முழுக்க முழுக்க பிளாஸ்டிக்காலான சாலை" என்று யாராவது பகிர்ந்தால், இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை உண்மையிலேயே உறுதியாக இருக்குமா?

தார்ச்சாலைக்கு முதல் எதிரி மழைநீர். கல்லுக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்தால் பிடி விட்டுப்போகும். மேலே கனரக வாகனம் ஏறி ஏறி இறங்கும். கல் பெயரும். குழி விழும்.

கல்லைச் சுற்றி பிளாஸ்டிக் தோல் இருந்தால் நீர் எளிதில் உள்ளே போகாது. பிளாஸ்டிக்குக்கும் தாருக்கும் நன்றாக ஒட்டுவதால் பிடியும் இறுகும்.

இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜம்புலிங்கம் தெரு உட்பட இத்தகைய சாலைகள் சிலவற்றை ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. போட்டுச் சில ஆண்டுகள் ஆன பிறகும் அவற்றில் குழிகளோ கல் பெயர்வதோ காணப்படவில்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. 2015 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் இன்னொரு படி மேலே போனது. 500,000க்கும் அதிகமானோர் வசிக்கும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

பிவிசியை ஏன் ஒதுக்குகிறார்கள்?

பிவிசிக்குள் குளோரின் இருக்கிறது. மற்ற வகைகள் தாங்கும் வெப்பத்தை அது தாங்காது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு அது. கலவை ஆலையில் நிற்கும் ஊழியர்தான் முதலில் பாதிக்கப்படுவார்.

பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் வகைகள் அப்படியல்ல. 170 டிகிரிக்குள் உருகும், சிதையாது. ஆனால் வெப்பம் வெகுவாகக் கூடினால் அவையும் சிதைந்து நச்சுப்புகை விடும். ஆகவே வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

இதிலிருந்து ஒரு முக்கியமான எச்சரிக்கை: காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டில் பிளாஸ்டிக்கை உருக்கிக் கல் செய்து பார்க்காதீர்கள். எந்த வகை எது என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அடுப்பின் வெப்பமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

சாலை மட்டும்தானா?

இல்லை. வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு வழிகளில் முயன்றுள்ளன.

• கென்யா: நைரோபியில் ந்ஸாம்பி மட்டீ என்ற இளம் பொறியாளர் தொடங்கிய கிஜெங்கே மேக்கர்ஸ் நிறுவனம், பிளாஸ்டிக் கழிவையும் மணலையும் சூடாக்கி, அழுத்தி, நடைபாதைக் கற்கள் செய்கிறது. 2020இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுப்புறத் திட்டத்தின் இளம் சாதனையாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

• ஐவரி கோஸ்ட்: கொலம்பியாவின் கொன்செப்டோஸ் பிளாஸ்டிகோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 500 வகுப்பறைகள் கட்டும் திட்டத்தை யூனிசெஃப் 2019இல் அறிவித்தது. லெகோ கட்டைகளைப்போல ஒன்றோடு ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் செங்கற்கள். சிமெண்டு பூசத் தேவையில்லை.

• நெதர்லந்து: ஸ்வோல்ல நகரில் 2018இல் 30 மீட்டர் நீளச் சைக்கிள் பாதை ஒன்று பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கிப் போடப்பட்டது. உள்ளே கூடு இருப்பதால் மழைநீரைச் சிறிது நேரம் பிடித்துவைக்கும்.

மூன்றிலும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? நடைபாதை, சைக்கிள் பாதை, மாடி இல்லாத வகுப்பறை. எதுவும் பெரிய பாரம் தாங்கும் கட்டடம் இல்லை.

"அப்படின்னா நம்ம வீவக புளோக்கையே பிளாஸ்டிக்ல கட்டலாமா?"

வேண்டாம். காரணங்கள் இவை:

தீ. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், எரியும், கரும்புகை கக்கும். 30, 40 மாடிக் கட்டடத்தில் அது உயிர்ப் பிரச்சினை. சிங்கப்பூரின் தீப் பாதுகாப்பு விதிகள் கட்டுமானப் பொருள்களில் கெடுபிடி காட்டுவது சும்மா இல்லை.

பாரம். பிளாஸ்டிக்கின்மேல் கனமான பொருளை ஆண்டுக்கணக்கில் வைத்தால் மெல்ல மெல்ல வளையும். புத்தகம் அடுக்கிய பிளாஸ்டிக் அலமாரித் தட்டு நடுவில் தொய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

ஒட்டாத குணம். கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டால் எடை குறையும். ஆனால், வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சிமெண்டு நன்றாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் கூடக்கூட கான்கிரீட்டின் வலு குறையும். அதனால் பாரம் தாங்காத இடங்களுக்கே அது ஏற்றது.

வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். வெயிலில் கிடந்த துணிக் கிளிப் பட்டென்று உடைவது அதனால்தான்.

நுண்நெகிழி. மேற்பரப்பு தேயும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் மழைநீரோடு கால்வாய்க்கும் கடலுக்கும் போகலாம். வாகனச் சக்கரங்கள் தேய்வதாலேயே சாலைகளில் ஏற்கெனவே நிறையத் துகள்கள் சேர்கின்றன. அதோடு பிளாஸ்டிக் சாலை எவ்வளவு சேர்க்கும், அல்லது தார் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளுமா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

நம் ஊர் நிலவரம் என்ன?

சிங்கப்பூரில் மெகோரியம் என்ற இளம் நிறுவனம் சற்று வேறு வழியில் போகிறது. மதுரை முறையில் பிளாஸ்டிக் உருகிக் கல்லின்மேல் படியும், பிளாஸ்டிக்காகவே இருக்கும். மெகோரியம் முறையில் பிளாஸ்டிக்கையே சிதைத்து, தாருக்கு மாற்றான ஒரு பொருளாக மாற்றுகிறார்கள். அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நியூபிட்டுமன்'. அழுக்கான, பல வகை கலந்த பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. டாபாவ் பெட்டிக்கும் அங்கே இடம் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சாலைகள் நம் பிளாஸ்டிக் கழிவு முழுவதையும் விழுங்கிவிடுமா? மதுரை முறையை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். துல்லியமானது இல்லை, மனக்கணக்குதான்.

• ஒரு தடம் அகலமுள்ள சாலையில் மெல்லிய மேல் அடுக்கு போட, 1 கிலோமீட்டருக்குச் சுமார் 10 டன் தார் தேவை.
• அதில் 6 முதல் 8 விழுக்காடு என்றால் 600 முதல் 800 கிலோ பிளாஸ்டிக். தாராளமாக 1 டன் என்றே வைத்துக்கொள்வோம்.
• ஒரு பை 5 கிராம் என்றால், அந்த 1 டன்னுக்கு 200,000 பைகள். அம்மாடி!
• சிங்கப்பூர்ச் சாலைகளின் எல்லாத் தடங்களையும் சேர்த்தால் சுமார் 9,500 கிலோமீட்டர். அத்தனையையும் ஒரே ஆண்டில் புதிதாகப் போட்டால் 9,500 டன் பிளாஸ்டிக் போகும்.

இப்போது முதலில் சொன்ன எண்ணைத் திரும்பப் பாருங்கள்: ஆண்டுக்கு 957,000 டன்.

நாட்டின் அத்தனை சாலைகளையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும், ஓராண்டுக் கழிவில் ஒரு விழுக்காடுதான் தீரும். அடுக்கைத் தடிமனாக்கி ஐந்து மடங்கு சேர்த்தாலும் ஐந்து விழுக்காடுதான். அதுவும் ஒரே ஒரு முறை. அடுத்த ஆண்டு சேரும் கழிவை எங்கே போடுவது? சாலைகளை ஆண்டுதோறும் பெயர்ப்பதில்லையே!

அப்படியென்றால் இதெல்லாம் வீண்வேலையா?

இல்லை. 9,500 டன் எரிந்தால் வரும் கரியமிலவாயு சுமார் 30,000 டன். அது மிச்சமானால் நல்லதுதானே? சாலை நீடித்து உழைத்தால் தார்ச் செலவும் குறையும். யாரும் சீண்டாத பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை கிடைத்தால், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கு வருமானமும் கிடைக்கும். கென்யாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் இந்தத் திட்டங்களுக்கு வரவேற்பு இருப்பதற்கு அதுவும் காரணம்.

ஆனால் ஒரு மனக்கணக்கு ஆபத்தானது: "எப்படியும் ரோடு போட்டுடுவாங்க, நம்ம பாட்டுக்கு வாங்கலாம், வீசலாம்." ரோடு அவ்வளவு சாப்பிடாது. ஒவ்வொரு வகை பிளாஸ்டிக்கையும் அது சாப்பிடவும் சாப்பிடாது.

தண்ணீர்ப் புட்டி மீண்டும் புட்டியாகலாம். அதைச் சாலையில் புதைத்தால், இன்னொரு புட்டிக்குப் புதிய பிளாஸ்டிக் வேண்டும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் குறைப்பது, பிறகு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, பிறகு மறுபயனீடு. அதற்கும் லாயக்கில்லாததுதான் சாலைக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பை: 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. பள்ளிப்பையில் ஒரு துணிப்பையை மடித்து வைத்துக்கொண்டால் காசும் மிச்சம்.

• புட்டி: பானப் புட்டி, டப்பாத் திருப்பித்தரும் திட்டத்தின் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1. ஒவ்வொன்றுக்கும் வைப்புத்தொகை 10 காசு. புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். புட்டியும் தனியாக, சுத்தமாகச் சேரும்.

• நீலத் தொட்டி: அதில் போடப்படுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதவை. மீ கோரெங் எண்ணெய் ஒட்டிய ஒரு பெட்டி, பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். புட்டியை ஒரு முறை அலசிவிட்டுப் போடுங்கள். நுரைப் பெட்டி, மெல்லிழைத்தாள் அங்கே வேண்டாம்.

• டாபாவ்: வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோங்கள். "அண்ணே, இதுல போட்டுக் கொடுங்க" என்று சொல்ல முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இரண்டாம் தடவை அவரே கையை நீட்டுவார்.

பேராசிரியர் வாசுதேவன் கைவைத்தது, வேறு எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட பிளாஸ்டிக்கில். அந்தக் குவியலைக் கூட்டுவதா, குறைப்பதா என்பது அவர் போட்ட சாலையில் முடிவாவதில்லை. மதியம் வரிசையில் நிற்கும்போது, "டாபாவ்" என்று சொல்வதற்கு முந்திய நொடியில் முடிவாகிறது.

சொல் தெரிந்துகொள்வோம்

• நெகிழி: பிளாஸ்டிக். நெகிழ்வது, அதாவது இளகி வளைவது என்பதிலிருந்து வந்த சொல்.
• நுண்நெகிழி: 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்.
• தார்: சாலையில் கற்களை ஒட்டவைக்கும் கறுப்புப் பசை. துறையில் பிட்டுமன் என்பார்கள்.
• எரியாலை: குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலை.
• மறுபயனீடு: பயன்படுத்திய பொருளை மறுபடியும் பொருளாக்குவது.